எதுவரைக்கும் என்று கேட்கலாம், தேதி குறிக்கக் கூடாது

வேலை போய் அடுத்த வேலை கிடைக்க எனக்கு 11 மாதம் ஆனது. அதில் 4 மாதத்தை நானே வீணடித்தேன். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கையும் நானே தொலைத்தேன். வேலை போனதற்கு நான் காரணமில்லை. இந்த இரண்டுக்கும் நான்தான் காரணம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் பார்த்துக்கொள்ளும்வரை காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை நான் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்பதற்கு எனக்கும் வெட்கம். தனியாகத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். பரிசோதனை முடிவுக்கோ, தீர்ப்புக்கோ, குழந்தைக்கோ காத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வாரத்தில் செய்த தவறு, உபவாசம். வேலை போன மறுநாளே ஏழு நாள் உபவாசம் என்று ஆரம்பித்தேன். தூக்கம் ஏற்கெனவே போயிருந்தது. நான்காம் நாள் தலை சுற்றியது, வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன், ஒரு விண்ணப்பத்தைக்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை. ஜெபமும் ஓடவில்லை. உபவாசத்தைக் குறை சொல்லவில்லை. உடல் ஆடிப்போயிருக்கும்போது அதை ஆரம்பித்ததுதான் பிசகு. 1 இராஜாக்கள் 19-ஐப் பிறகு வாசித்தபோதுதான் உறைத்தது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துவிடுகிறான். இரண்டாம் முறையும் அதே சாப்பாடு, அதே தட்டியெழுப்பல். அதன் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. கேள்விக்கு முன்னால் இரண்டு வேளைச் சாப்பாடும் இரண்டு தூக்கமும்.

ஆகவே முதல் 14 நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், முந்தின இரவு எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும். பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளையும் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். தினமும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். நீண்ட உபவாசம் வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூடத் தவிர்க்க வேண்டாம். திருப்பி எடுக்க முடியாத முடிவு எதையும் இந்த நாட்களில் எடுக்க வேண்டாம். வீட்டை விற்பது, ஊரை மாற்றுவது, பழைய முதலாளிக்குக் காரசாரமாக மடல் அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். பொருத்தனையும் அப்படித்தான். "இதைத் தந்தால் அதைச் செய்வேன்" என்பது பயத்தில் வாயிலிருந்து தானாக வரும். பொருத்தனை பண்ணினால் நிறைவேற்றத் தாமதிக்காதே என்று உபாகமம் 23 சொல்கிறது. அதே மூச்சில், பொருத்தனை பண்ணாமலிருந்தால் உன்மேல் பாவம் இல்லை என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதியை யாரும் நமக்கு நினைவூட்டுவதில்லை.

இனி பெரிய இழப்புக்கு வருகிறேன். மூன்றாம் மாதம், எனக்காகத் தொலைபேசியில் ஜெபித்த ஒருவர், 40 நாளுக்குள் வேலை என்றார். அதற்கு ஒரு தொகையை விதையாக விதைக்க வேண்டும், அதாவது ஆசீர்வாதமாகத் திரும்பி வரும் என்று நம்பி அவருக்குக் காணிக்கை கொடுக்க வேண்டும் என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் விசுவாசம் கலைந்துவிடும் என்றார். கொடுத்தேன். அதைவிட மோசமானது அடுத்து நடந்தது: தேதி கிடைத்துவிட்டதால் தேடுவதைக் குறைத்தேன். தெரிந்தவர் ஒருவர் மூன்று மாதத் தற்காலிக வேலை ஒன்றைச் சொன்னபோது, கர்த்தர் பெரிதாக ஒன்றை வைத்திருக்கிறார் என்று மறுத்துவிட்டேன். 40 நாள் முடிந்தது. என் விசுவாசம் போதவில்லை என்று இன்னொரு 40 நாள், இன்னொரு விதை. அதன்பின் மூன்றாவது தவணை. நான்கு மாதம் இப்படிப் போனது. பணம் போனதைவிட, ஒவ்வொரு தேதி தாண்டியபோதும் கடவுள் என்னிடம் பொய் சொல்லிவிட்டதாக எனக்குள் ஏறிய கசப்புதான் ஆற அதிக நாள் எடுத்தது. அவர் சொல்லாத தேதிக்கு அவர்மேல் கோபப்பட்டேன்.

எரேமியா 28-ஐ அப்போதே யாராவது கையில் கொடுத்திருக்கலாம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதுதான் அங்கே எல்லாருடைய கேள்வியும். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். எரேமியா கோபப்படவில்லை. முதலில் அவன் சொல்வது "ஆமென்", கர்த்தர் அப்படியே செய்வாராக என்பதே. அவனுக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆசையும் வாக்குத்தத்தமும் வேறுவேறு என்று அவனுக்குத் தெரியும். அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டவர்களுக்கு அவன் அனுப்பும் நிருபத்தில் வரும் 11-ம் வசனத்தை நாம் சுவரில் மாட்டுகிறோம்: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின 10-ம் வசனம் 70 வருஷம் என்று சொல்கிறது. நிருபத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அனனியாவின் இரண்டு வருஷத்தை நம்பியவன் தோட்டம் போட்டிருக்க மாட்டான். மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

யாராவது உங்களுக்குத் தீர்க்கதரிசனம் என்று ஒன்று சொன்னால் மூன்றைப் பாருங்கள்: தேதி இருக்கிறதா, பணம் இருக்கிறதா, யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனை இருக்கிறதா. ஒன்று இருந்தாலே நிதானிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் விலகிவிடுங்கள். அன்றே பதில் சொல்லாதீர்கள். உங்களை நன்றாக அறிந்த, இதில் எந்த ஆதாயமும் இல்லாத இரண்டு பேரிடம் வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக் காட்டுங்கள். சத்தமாகச் சொல்லும்போதே பாதி விளங்கிவிடும். சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, சொன்னவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று உபாகமம் 18 முடிகிறது. அங்கே கேட்டவனுடைய விசுவாசம் போதவில்லை என்று பழி போடப்படவில்லை. காணிக்கை கொடுப்பது வேறு விஷயம். வழக்கமாகக் கொடுப்பதை உங்கள் சக்திக்கு ஏற்பக் குறைத்துத் தொடரலாம். கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்க வேண்டாம்.

அடையாளம் தேடுவதும் இதே நோயின் இன்னொரு வடிவம். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கும் இடத்தை வாசிப்பது, கைபேசியில் வந்த வசனத்தை எனக்கென்றே வந்ததாக எடுத்துக்கொள்வது, குறிப்பிட்ட எண் கண்ணில் பட்டால் "ஆம்" என்று கணக்கு வைப்பது எல்லாம் செய்தேன். கிதியோன் இரவில் ஆட்டுத்தோலைப் போட்டு, அதன்மேல் மட்டும் பனி பெய்கிறதா என்று அடையாளம் பார்த்தானே என்பார்கள். நியாயாதிபதிகள் 6-ஐக் கவனித்து வாசித்தால், கர்த்தர் அவனிடம் ஏற்கெனவே தெளிவாகப் பேசிவிட்டார். "நீர் சொன்னபடி" என்று சொல்லித்தான் அவன் தோலையே போடுகிறான். அவனுக்குத் தகவல் குறைவில்லை, தைரியம்தான் குறைவு. அப்படியும் ஒரு அடையாளம் போதவில்லை, மறுநாள் தலைகீழாக இன்னொன்று கேட்கிறான். அடையாளத்தின் குணமே அது. ஒன்று கிடைத்தால் அடுத்தது வேண்டும். இரண்டு வழிகளில் எது என்று குழம்பினால் இப்படிச் செய்து பாருங்கள்: இரண்டையும் தாளில் எழுதுங்கள், எது நேர்மைக்கு விரோதம் என்று பாருங்கள், எதைத் திருப்பிக்கொள்ள முடியும் என்று பாருங்கள், அனுபவமுள்ள ஒருவரைக் கேளுங்கள், ஒரு இரவு தூங்கிவிட்டு முடிவெடுங்கள். ஞானம் வேண்டும் என்று கேட்டு ஜெபிப்பதற்கு இதில் எல்லாப் படியிலும் இடம் இருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையின் கதை (2 இராஜாக்கள் 4) எண்ணெய் பெருகிய அற்புதமாகவே சொல்லப்படுகிறது. கணக்கு வேலையும் அதில் நிறைய இருக்கிறது. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசாவின் முதல் வேலை, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பது. அதாவது இருப்புக் கணக்கு. அடுத்து, அக்கம்பக்கத்தில் பாத்திரங்கள் கேட்டு வாங்கச் சொல்கிறான், கொஞ்சமல்ல, நிறைய. கடைசியில் அவன் சொல்லும் வரிசை: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு ஜீவனம் செய். இதே வரிசையை எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே கையில் உள்ளது, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். நான் இதை ஐந்தாம் மாதம்தான் செய்தேன். அதுவரை வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கவே பயம். பார்க்காமல் இருப்பதை விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தியாவசியச் செலவை வாரக்கணக்கில் பிரியுங்கள், மாதக்கணக்கில் வேண்டாம். ஒரு வாரத்தை மனம் தாங்கும். கையிருப்பை அந்த வாரச் செலவால் வகுத்தால் எத்தனை வாரம் ஓடும் என்று ஒரு எண் வரும். என் பயம் சொல்லிக்கொண்டிருந்ததைவிட அந்த எண் பெரிதாகவே இருந்தது. சிறிதாக வந்தாலும், கடன் கொடுத்தவர்களிடம் தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேச நாள் கிடைக்கும். தவறிய பிறகு பேசினால் அவர்கள் காது கொடுப்பது குறைவு.

திட்டமிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தினமும் கிடைத்த மன்னா என்ற உணவைச் சொல்லுங்கள். யாத்திராகமம் 16-ல் ஆளுக்கு ஒரு ஓமர் அளவு; மறுநாளுக்கு என்று வைத்தவர்களின் மன்னா பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து ஓய்வுநாளுக்கு வைக்கச் சொன்னவரும் அதே கர்த்தர்தான், அன்று அது நாறவில்லை. எகிப்தில் பஞ்சம் வருமுன் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். பரிந்துரை கேட்பதும் அப்படியே. சிறையிலிருந்து போகிற பானபாத்திரக்காரனிடம், பார்வோனிடத்தில் என்னைக் குறித்துச் சொல் என்று யோசேப்பு கேட்கிறான். அவன் மறந்துவிட்டான், இரண்டு வருஷம் போனது. கேட்டது தப்பு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கடைசியில் கதவு திறந்ததும் அந்த மறதிக்காரன் வழியாகத்தான். ஆகவே தெரிந்தவர்களிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். சின்ன வேலை வந்தால் தட்டாதீர்கள்; பவுல் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே பிரசங்கித்தார்.

ஜெபத்துக்கு வருகிறேன். எனக்கு ஜெபம் இரண்டு விதத்தில் கெட்டுப்போனது. ஆரம்பத்தில் நன்றி, துதி மட்டுமே சொன்னேன், உள்ளே எரிந்துகொண்டிருந்தும். பிறகு முழுக்கப் புலம்பலாகி, மணிக்கணக்கில் அழுது, எழும்போது இன்னும் பாரமாக எழுந்தேன். சங்கீதம் 13 இரண்டையும் சரிசெய்தது. அதில் ஆறு வசனங்கள்தான். முதல் இரண்டு முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, எதுவரைக்கும் என்ற சொல் நான்கு தடவை வருகிறது. அடுத்த இரண்டு வேண்டுதல். கடைசி இரண்டு நம்பிக்கை. சூழ்நிலை மாறியதாக ஒரு வரிகூட இல்லை. நடுவில் திரும்பியது தாவீதின் முகம் மட்டும். இதை அப்படியே அச்சாக எடுத்துக்கொண்டேன். மொத்தம் 12 நிமிடம், பகுதிக்கு நான்கு. முதல் நான்கு நிமிடம் எது வலிக்கிறது என்று பெயர் சொல்லி முறையிடுவது, மரியாதைக்காக எதையும் மழுப்பாமல். அடுத்த நான்கில் இன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்பது. "வேலை தாரும்" என்பதைவிட "இன்று மூன்று மணிக்குப் பேசப் போகிறவரிடம் பதறாமல் பேச உதவும்" என்பது ஜெபிக்கவும் எளிது, கேட்கப்பட்டதா என்று பார்க்கவும் எளிது. கடைசி நான்கில், முன்பு நடந்த ஒன்றை நினைவுகூர்ந்து, இன்னும் நடக்காத ஒன்றை அவர் கையில் விடுவது.

இதில் எங்கே பிசகும் என்றால், முதல் பகுதியைத் தாண்டிவிடுவோம். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் போன நாட்களில் கடைசிப் பகுதி வெறும் வாய்ப்பாடாக இருந்தது. வேண்டுதல் பேரமாக மாறுவதும் உண்டு. "தந்தால்" என்ற சொல் வந்தாலே நிறுத்தி, வாக்கியத்தை மாற்றிச் சொல்லுங்கள். சில நாள் மூன்றாம் பகுதி வரவே வராது. வராவிட்டால் விடுங்கள். சங்கீதம் 88 அப்படித்தான் முடிகிறது; எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதையும் சங்கீதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல். சொல்லே கிடைக்காத நாளில் ஒரு சங்கீதத்தை மெதுவாக வாய்விட்டு வாசித்தால் போதும்.

கவலை ஜெப நேரத்தில் மட்டும் வருவதில்லை, பாத்திரம் கழுவும்போதும் வரும். அதற்கு மனநல ஆலோசகர்கள் சொல்லும் ஒரு முறை, "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற வசனத்தோடு நன்றாகவே ஒட்டுகிறது: கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 20 நிமிடம். படுக்கப்போகும் நேரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், படுக்கையில் உட்கார்ந்து செய்யவே வேண்டாம். பகலில் கவலை வரும்போது ஒரு சொல்லாகத் துண்டுத்தாளில் குறித்துவிட்டு, "மாலை ஐந்தரைக்கு வா" என்று அனுப்பிவிடுங்கள். ஐந்தரைக்குத் தாளை எடுத்து, குறிப்பேட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 24 மணி நேரத்துக்குள் நான் செய்யக்கூடியது, வலப்பக்கம் என் கையில் இல்லாதது என்று பிரித்து எழுதுங்கள். இடப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள்: நாளை பத்து மணிக்கு இவரை அழைக்க வேண்டும், இப்படி. வலப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு மூடுங்கள். மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள், முடிந்தாலும் முடியாவிட்டாலும். முதல் வாரம் வேலை செய்யாது. கவலை சொன்ன நேரத்துக்கு வராது, ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றாது, இரவு பதினொன்றுக்கு வரும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில்தான் பிடிபட்டது. பலருக்கு இடப்பக்கம் எப்போதும் ஒரே மாதிரி நிரம்பும், செயல் நடக்காது. அப்படியானால் எழுதியிருக்கும் வேலை பெரிது என்று அர்த்தம். "வேலை தேடு" என்பதை அடித்துவிட்டு "பழைய விண்ணப்பத்தில் இரண்டாம் பத்தியைத் திருத்து" என்று எழுதுங்கள்.

நள்ளிரவு மூன்று மணி தனி ரகம். அந்த நேரத்தில் வரும் எந்த எண்ணத்தையும் நம்பக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். கைபேசியைத் தொடுவதில்லை, மடல் பார்ப்பதில்லை, யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைக் கட்டும்போது திரும்பிப் படுப்பது. சங்கீதம் 4-ன் கடைசி வசனம், "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்பதை மூச்சோடு சேர்த்துச் சொல்வது. சில இரவுகள் உதவியது, சில இரவுகள் உதவவில்லை.

ஆட்களைப் பற்றி. நான் ஆறு மாதம் சபைக்கு உள்ளேயும் வெளியேயும் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. "நல்லா இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் போவதையே நிறுத்தினேன். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் போதும். ஆனால் அவர்களிடம் கேட்பது துல்லியமாக இருக்க வேண்டும். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதைவிட, "வாரம் ஒருமுறை அழைத்து, இந்த வாரம் என்ன செய்தாய் என்று கேளுங்கள், ஆலோசனை வேண்டாம்" என்றால் அவர்களுக்கும் வேலை சுலபம். மற்றவர்கள் விசாரித்தால் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "இன்னும் அமையவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன், கேட்டதற்கு நன்றி." அங்கேயே நிறுத்துங்கள். துன்பத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் இழந்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து அவனைக் குற்றம் சாட்டும்வரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள்.

இன்னொன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாம் போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே உதவிக்குப் போங்கள், தனியாக இருக்க வேண்டாம். அது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் எலியாவிடம் போய்ச் சொல்லட்டும். சாகும் தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே நேரத்தில் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடவும் ஏசாயா சொன்னான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

இவ்வளவுக்குப் பிறகு நம்பிக்கை என்றால் என்ன என்று கேட்டால், எரேமியா 32-ல் வரும் நிலக்கிரயத்தைத்தான் காட்டுவேன். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியாவே காவல்முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அப்போது தன் சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கச் சொல்லப்படுகிறது. அவன் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறான், பத்திரம் எழுதுகிறான், முத்திரை போடுகிறான், சாட்சிகளை வைக்கிறான், முத்திரை போட்டதும் திறந்ததுமாக இரண்டு பத்திரங்களையும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான். எல்லாம் முடிந்த பிறகு ஜெபிக்கிறான். அந்த ஜெபத்தின் கடைசி வரி ஏறக்குறைய இப்படி: நகரம் எதிரியின் கையில் போகப்போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொன்னீர். அவனுக்கும் புரியவில்லை. புரியாமலேயே பத்திரத்தை ஒழுங்காக எழுதிவிட்டான். எபிரேயத்தில் நம்பிக்கைக்கு வரும் 'திக்வா' என்ற சொல்தான் எரிகோவில் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப், தன் வீடு தப்பும்படி ஜன்னலில் கட்டிய சிவப்பு நூலின் கயிற்றுக்கும் வருகிறது. கட்டிவிட்டால் ஆடலாம், அறுந்துபோகாமல் இருந்தால் சரி.

உங்கள் நிலம் எது என்று பாருங்கள். நாளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மட்டுமே அர்த்தமுள்ள, சிறிய, செலவு குறைந்த ஒரு காரியம். எனக்கு அது, என் துறையில் நான் தள்ளிப்போட்டிருந்த ஒரு பாடத்தைத் தினமும் 40 நிமிடம் படிப்பது. உடம்புக்குக் காத்திருப்பவருக்கு அது ஒரு செடியாக இருக்கலாம், தைக்கத் தொடங்கிய துணியாக இருக்கலாம். பலனைக் கணக்குப் பார்க்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிதானால் அதுவே இன்னொரு தேதியாகிவிடும். ஏசாயா 40-ன் முடிவில் செட்டைகளை அடித்து எழும்புவது முதலிலும் ஓடுவது நடுவிலும் நடப்பது கடைசியிலும் வருகிறது. 11 மாதத்தில் நான் பறந்த நாள் ஒன்றும் இல்லை. நடந்த நாட்களைக் குறிப்பேட்டில் எண்ணலாம்.

அதே குறிப்பேட்டின் பின்பக்கத்தில், நடந்த உதவிகளைத் தேதி போட்டு ஒற்றை வரியில் எழுதுங்கள். இங்கே தேதி போடலாம், நடந்து முடிந்தவை ஆயிற்றே. சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நாட்டி எபெனேசர், அதாவது உதவியின் கல், என்று பேரிட்டு, "இம்மட்டும்" கர்த்தர் உதவிசெய்தார் என்றான். இனிமேலும் என்று அந்தக் கல்லில் எழுதவில்லை.

வேலை கிடைத்த பிறகும் ஒரு விஷயம் இருக்கிறது, எதிர்பார்க்காததால் பயந்துபோனேன். முதல் சம்பளம் வந்த வாரமும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. அலுவலகத்தில் மேலாளர் அழைத்தால் வயிறு பிசைந்தது. மாதக்கணக்கில் பழகிய பயம் ஒரு கடிதத்தோடு போய்விடாது. ஐந்தரை மணி நாற்காலியை இன்னும் இரண்டு மாதமாவது விடாதீர்கள், இருபது நிமிடத்தைப் பத்தாகக் குறைத்துக்கொண்டாலும். நான் இப்போதும் உட்காருகிறேன். வலப்பக்கத்தில் அந்த நாட்களில் எழுதிய மூன்று வரிகள் இன்னும் அடிக்கப்படவில்லை. அவற்றில் ஒன்று, விதை வாங்கியவரை மன்னிப்பது.